ஆர் மொழியைப் பைத்தானுக்குள் வைப்பதா, வெளியே நிறுத்துவதா?

பைத்தானில் எழுதிய ஒரு நிரலின் நடுவே கலப்பு விளைவு மாதிரி (குழுக்களாக அமைந்த தரவுக்கான புள்ளியியல் மாதிரி) ஒன்றைப் பொருத்த வேண்டியிருந்தது. அதற்கு, புள்ளியியலுக்கான நிரல்மொழியான ஆர் மொழியின் எல்எம்இ4 (lme4) தொகுப்புதான் ஏற்றது என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. அதை எந்த வழியாக அழைப்பது என்பதில்தான் இருமுறை மனம் மாறினேன். முதலில், பைத்தானுக்குள்ளிருந்தே ஆரை இயக்கும் ஆர்பை2 (rpy2) நூலகத்தைக் கொண்டு எழுதி ஓராண்டு ஓட்டினேன். பிறகு, ஆரைத் தனிச் சேவையாக ஓட்டும் ஆர்சர்வை (Rserve) சில வாரங்கள் பார்த்துவிட்டு, ஆர் நிரலை முனையத்திலிருந்து இயக்கும் ஆர்ஸ்கிரிப்ட் (Rscript) கட்டளையைத் தனிச் செயல்முறையாக இயக்கி, தரவைக் கோப்பு வழியாகக் கொடுத்து வாங்கும் எளிய முறைக்கு வந்து சேர்ந்தேன். இன்றும் அதில்தான் இருக்கிறேன்.

வேகத்தில் ஆர்பை2 முந்தும். பைத்தான் செயல்முறைக்குள்ளேயே ஆர் இயங்குவதால், கோப்பு எதுவும் எழுதாமல் தரவு நினைவகத்திலேயே கைமாறுகிறது. நிரலைத் துண்டு துண்டாக இயக்கிப் பார்க்கும் நோட்புக்கில் உட்கார்ந்து தரவை ஆராய்பவருக்கு இதைவிட வசதியானது இல்லை.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. ஆர் மொழியில் 4.2, 4.3 என்று பதிப்பு நகரும்போது தொகுப்புகளின் அடைவும் மாறுகிறது; பழைய பதிப்பில் கட்டிய தொகுப்புகளை மறுபடி நிறுவ வேண்டும். இது எந்த முறைக்கும் பொது. ஆர்பை2 வைத்திருப்பவர் இதற்கு மேல், ஆர் மொழியின் பகிர்வு நூலகம் (பிற நிரல்கள் ஏற்றிக்கொள்ளும் கோப்பு), பைத்தானின் பதிப்பு, ஆர்பை2-இன் பதிப்பு ஆகிய மூன்றும் ஒத்துப்போகிறதா என்றும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒருமுறை சர்வரின் இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள், பகிர்வு நூலகத்தைத் திறக்க முடியவில்லை என்ற ஒற்றை வரிப் பிழையோடு, ஆர்பை2-ஐ ஏற்றும் இறக்குமதி வரியிலேயே நிரல் நின்றுவிட்டது. அதே நிரல் காட்டும், புள்ளியியலோடு தொடர்பே இல்லாத பக்கங்களும் அன்று எழவில்லை. ஆர்ஸ்கிரிப்ட் முறையில் அதே கோளாறு வந்திருந்தால் அந்த ஒரு பணி மட்டும் தோற்றிருக்கும்; எந்தத் தொகுப்பு இல்லை என்று பதிவுக் கோப்பு பெயர் சொல்லியிருக்கும்; பைத்தான் தெரியாத புள்ளியியலாளரும் அதே உள்ளீட்டுக் கோப்போடு முனையத்தில் இயக்கிப் பார்த்துத் திருத்தியிருப்பார். தொகுப்புகளின் பதிப்புகளை ரென்வ் (renv) என்ற ஆர் கருவியைக் கொண்டு பூட்டிவைத்தால் இந்தத் தொல்லை இன்னும் குறைகிறது.

ஆர்பை2-இல் விடுபட்ட மதிப்புகளும் என்னை ஒருமுறை ஏமாற்றின. முழு எண் வரிசையில் விடுபட்ட இடத்தை ஆர் −2147483648 என்ற எண்ணாகத்தான் நினைவகத்தில் வைக்கிறது. அந்த வரிசையைப் பைத்தானின் எண் கணக்கு நூலகமான நம்பையின் (NumPy) அணியாக மாற்றிச் சராசரி எடுத்தபோது, வயது நெடுவரிசையின் சராசரி எதிர்மறையில் கோடிக்கணக்கில் வந்தது. அபத்தமான விடை என்பதால் உடனே கண்ணில் பட்டது. அந்த மட்டில் நல்லது.

கோப்பு முறையிலும் பொறிகள் உண்டு. சிஎஸ்வி கோப்பில் 007 என்றிருக்கும் அடையாள எண்ணை, நெடுவரிசையின் வகையைச் சொல்லாமல் படித்தால் ஆர் 7 ஆக்கிவிடும். 2020-இல் வந்த 4.0.0 பதிப்புக்கு முன்னர் சொற்களையும் தானாகவே காரணிகளாக (factor எனும் வகைப்பாட்டு மதிப்புகளாக) மாற்றிக்கொண்டிருந்தது. இதற்காகவே நான் வகைகளையும் சேர்த்துச் சேமிக்கும் பார்க்கே (Parquet) கோப்பு வடிவத்துக்கு மாறினேன். இதைவிட நுட்பமானது வெளியேறும் குறியீடு, அதாவது செயல்முறை முடியும்போது தரும் எண்; 0 என்றால் வெற்றி. பிழை நேர்ந்தால் ஆர்ஸ்கிரிப்ட் 1 என்று சொல்லி நின்றுவிடும். எச்சரிக்கை வந்தால் அதைப் பிழை வெளியீட்டில் எழுதிவிட்டு 0 என்றே முடிக்கும். மாதிரி குவியவில்லை (கணக்கீடு நிலையான விடைக்கு வரவில்லை) என்று எல்எம்இ4 சொல்வது வெறும் எச்சரிக்கை என்பதால், பைத்தான் பக்கம் அதை வெற்றி என்று எடுத்துக்கொள்ளும். ஆர் நிரலின் தலைப்பிலேயே எச்சரிக்கை அளவை 2 என்று வைத்தால் எச்சரிக்கைகள் எல்லாம் பிழைகளாகிவிடும். சிலருக்கு இது மிகைக் கண்டிப்பாகத் தோன்றலாம். ஆளில்லாமல் இரவில் ஓடும் பணிக்கு எனக்கு இதுதான் சரி.

ஆர்சர்வ் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. 6311 என்ற போர்ட்டில் காத்திருந்து, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் ஒவ்வோர் இணைப்புக்கும் தனிச் செயல்முறையைப் பிரித்துக் கொடுக்கிறது. தொகுப்புகளை முன்கூட்டியே ஏற்றிவைத்தால் விடை விரைவாக வருகிறது. விண்டோஸில் அப்படிச் செயல்முறையைப் பிரிக்க வழியில்லாததால், இணைப்புக்கு ஒரு தனிச் செயல்முறை என்ற நன்மை கிடைக்காது. நான் அதைக் குறைந்த சுமையில்தான் ஓட்டினேன்; நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கேட்கும் சேவைக்கு அது தாங்குமா என்பதை என் அனுபவத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். எப்போதும் எழுந்து நிற்க வேண்டிய இன்னொரு சேவை கூடியது என்பதே எனக்கு உறுத்தியது.

ஆர்ஸ்கிரிப்டை ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் ஆர் புதிதாக எழுந்து தொகுப்புகளை ஏற்ற வேண்டும், பெரிய தொகுப்புகளுக்கு அது விநாடிக்கணக்கில் ஆகும். சுழற்சிக்குள் ஆயிரம் முறை அழைக்கும் நிரலை அப்படியே இந்த முறைக்குக் கொண்டுவர முடியாது. நான் அந்த ஆயிரத்தையும் ஒரே கோப்பில், குழு எண் என்ற கூடுதல் நெடுவரிசையோடு அடுக்கி அனுப்புகிறேன். சுழற்சி இப்போது ஆர் பக்கத்தில் ஓடுகிறது.