கோவா கேசினோ கப்பல் பேக்கேஜ்: சாப்பாட்டுக்குப் போங்க, சரக்கோடு மேசையில் உட்காராதீங்க

பாரிமுனைப் பக்கம் ஒரு டிராவல்ஸில் கோவா கேசினோ பேக்கேஜ் ஒன்று போட்டிருக்கிறார்கள். லீவு நெருங்கினால் தண்டையார்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி என்று நம்ம ஏரியா வாட்ஸப் குரூப் எல்லாவற்றிலும் அந்த நோட்டீஸ்தான் சுற்றுகிறது. ரயில் டிக்கெட், ரூம், கப்பலில் ஒரு ராத்திரி, சாப்பாடு அன்லிமிடெட், சரக்கு அன்லிமிடெட், விளையாட சிப் (பணத்துக்குப் பதிலாக மேசையில் வைக்கிற வில்லை). எங்கள் கேரம் கிளப் ஆட்கள் சேர்ந்து போய்வந்தோம். திரும்பி வந்ததிலிருந்து ஆளாளுக்குப் போகலாமா என்று கேட்கிறார்கள். அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். பணஜியில் படகுத்துறையிலிருந்து சின்னப் படகில் ஏற்றி, மாண்டோவி ஆற்றுக்கு நடுவில் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பலுக்குக் கொண்டுபோகிறார்கள். கப்பல் எங்கேயும் போகாது, நின்ற இடத்திலேயே நிற்கும். கோவாவின் சூதாட்டச் சட்டம் 1976-ல் வந்தது. 1992-ல் அதைத் திருத்தி ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் மெஷின் ஆட்டத்துக்கு இடம் கொடுத்தார்கள். 1996-ல் மறுபடி திருத்தி, மேசை ஆட்டங்களைக் கப்பலில் அனுமதித்தார்கள். ஆற்றில் கப்பல் நிற்பதற்குக் காரணம் அதுதான். உள்ளே ஏசி, சுத்தம், பாத்ரூம் எல்லாம் குறை சொல்ல முடியாது. பேசுகிறவர்கள் மரியாதையாகப் பேசுகிறார்கள். காசிமேட்டில் மீன் வாங்கிப் பழகினவர்களை மீனில் ஏமாற்ற முடியாது, அங்கே போட்ட வஞ்சிரம் நல்ல மீன். இறாலும் அப்படியே. மேல்தளத்தில் பாட்டு, டான்ஸ் நடந்தது, ரசித்துப் பார்க்கலாம்.

சிப் விஷயத்தில் டிராவல்ஸ்காரர் சொன்னது வேறு, அங்கே நடந்தது வேறு. 'விளையாடாம இருந்தா அப்படியே காசா மாத்திக்கலாம் சார்' என்று சொல்லித்தான் எங்களிடம் பணம் வாங்கினார். கப்பலில் கொடுத்தது ஒரு தடவை மட்டும் கட்டுகிற சிப். கட்டி ஜெயித்தால் ஜெயித்த பணத்துக்கு நிஜ சிப் தருவார்கள். இந்தச் சிப்பையே கவுன்டரில் நீட்டினால் காசு கிடையாது. கோவாவில் இது வழக்கமான முறைதான். அதைச் சொல்லாமல் விற்றது தப்பு. மேற்கொண்டு நிஜ சிப் வாங்கினால், கொடுக்கிற பணத்தின் மேல் ஜிஎஸ்டி உண்டு. 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். வரி உங்கள் கையிலிருந்து போகிறதா, அவர்களே தாங்குகிறார்களா என்று பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன்னாலேயே கேளுங்கள்.

அப்புறம் சரக்கு. நான் இதை எழுதுவதே அதற்காகத்தான்.

கையில் பட்டையைக் கட்டி உள்ளே விட்டதும் பார் கண்ணில் படும். ஆனால் பாருக்கு யாரும் நடக்க வேண்டியதில்லை, நீங்கள் ஆடுகிற மேசைக்கே கிளாஸ் வரும். பணியாள் ஒருவர் உங்கள் தோளுக்குப் பின்னாலேயே நிற்பார். கிளாஸ் பாதி இறங்கியதும் 'ரிப்பீட் சார்?' என்பார். நீங்கள் தலையாட்டக்கூட வேண்டாம், மறுக்காமல் இருந்தால் போதும். எனக்குத் தண்ணீர் பாட்டில் வேண்டியிருந்தது, அதற்கு நான்தான் எழுந்து போய்க் கேட்டு வாங்கினேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தவர்களை அவர் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. ரவுலட் மேசையில், அதாவது சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில், எந்த நிறத்தில் விழும் என்று பணம் கட்டுகிற மேசையில், யார் முன்னால் சிப் அதிகமாக அடுக்கியிருக்கிறதோ அவர் கிளாஸ்தான் காலியாகாமல் இருந்தது. சுவரில் கடிகாரம் என் கண்ணில் படவில்லை. ஜன்னல் பக்கமெல்லாம் திரை.

எங்கள் கிளப்பில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. குடித்துவிட்டு வந்தவருக்கு அன்றைக்கு போர்டு கிடையாது. எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ஸ்ட்ரைக்கரைச் சுண்டுகிற விரலுக்கு முன்னால், எந்தக் காயை விட்டுவைக்கலாம் என்று யோசிக்கிற தலைதான் தடுமாறும் என்று எங்களுக்குத் தெரியும். பத்து ரூபாய் டீக்குப் பந்தயம் கட்டுகிற ஆட்டத்திலேயே இவ்வளவு கட்டுப்பாடு வைத்திருக்கிற நாங்கள், ஆயிரக்கணக்கில் பணம் வைக்கிற இடத்தில் கிளாஸைக் கையில் வாங்கிக்கொள்கிறோம். இதுதான் எனக்கு மனசு ஆறவில்லை.

எங்களோடு வந்த தம்பி ஒருவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். நிதானமான ஆள். போர்டில் உட்கார்ந்தால் அவர் கையில் அவசரமே இருக்காது. ரவுலட்டில் உட்கார்ந்தபோதும் அப்படித்தான் ஆரம்பித்தார். சிப்பைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணி, 500 ரூபாய் சிப் ஒன்றை மட்டும் சிவப்பில் வைத்தார். மிச்சத்தைச் சரிபார்த்து நேராக அடுக்கினார். இரண்டு லார்ஜ் உள்ளே போன பிறகு எண்ணுவது நின்றுவிட்டது. அடுக்கு சாய்ந்து கிடந்தது. புறங்கையால் ஒரு குவியலைத் துணி மேல் தள்ளிவிட்டு, அது எவ்வளவு என்று டீலர் எண்ணிச் சொன்ன பிறகுதான் அவரே தெரிந்துகொண்டார்.

பக்கத்துத் திரையில் முன்னால் விழுந்த எண்களெல்லாம் வரிசையாக ஓடும். கறுப்பு தொடர்ந்து விழுந்திருந்தது. 'அண்ணே, அடுத்தது கண்டிப்பா சிவப்புதாண்ணே, பாத்துட்டே இரு' என்றார். 1913 ஆகஸ்ட் 18-ல் மான்டி கார்லோ கேசினோவில் கறுப்பு தொடர்ந்து 26 தடவை விழுந்தது. இதோ சிவப்பு வரும், இதோ வரும் என்று கட்டியவர்கள் பெரும்பணத்தை விட்டார்கள். முன்னால் விழுந்தது எதுவும் அடுத்த சுற்றைத் தொடாது. தெளிவாக இருக்கும்போது சொல்லியிருந்தால் அந்தத் தம்பிக்கு இது ஒரு நிமிஷத்தில் புரிந்திருக்கும். அன்றைக்கு நான் தோளைப் பிடித்துச் சொன்னேன், சிரித்துக்கொண்டே கையைத் தட்டிவிட்டார். ஆட்டோவுக்கு எஃப்சி (தகுதிச் சான்று) காட்ட வைத்திருந்த 30,000 ரூபாய் அந்த மேசையில் போனது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு பூஜ்யம் உள்ள ரவுலட் சக்கரத்தில் 37 கட்டம். சிவப்பு 18, கறுப்பு 18, மிச்சம் ஒன்று பூஜ்யம். சிவப்பில் 100 ரூபாய் கட்டினால் சராசரியாக 2 ரூபாய் 70 பைசா கேசினோவுக்கு. இரண்டு பூஜ்யம் உள்ள சக்கரம் என்றால் 5 ரூபாய் 26 பைசா. குடித்தாலும் குடிக்காவிட்டாலும் இந்த விகிதம் ஒன்றுதான். மாறுவது நீங்கள் வைக்கிற தொகையும் உட்கார்ந்திருக்கிற நேரமும். ஒற்றைப் பூஜ்யச் சக்கரத்தில் 500 ரூபாய் வீதம் 40 சுற்று ஆடினால் சராசரி நஷ்டம் 540 ரூபாய். அதே 40 சுற்றை 2,000 ரூபாய் வீதம் ஆடினால் 2,160. எழுந்திருக்க மனசில்லாமல் இன்னும் 80 சுற்று உட்கார்ந்தால் 6,480. இது சராசரிதான், ஒரு ராத்திரியில் இதைப்போல் பல மடங்கும் போகலாம், தம்பிக்குப் போனதே. ஒரு விஸ்கி பாட்டிலின் விலை இந்தக் கணக்குக்குப் பக்கத்தில்கூட வராது. சரக்கை ஏன் இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் என் பதில்.

அந்தர் பாஹர் மேசையும் உண்டு, நம்ம உள்ளே வெளியே ஆட்டம்தான். அதில் யோசிக்க ஒன்றுமில்லை, முழுக்க அதிர்ஷ்டம். பிளாக்ஜாக் என்கிற சீட்டாட்டம் அப்படியில்லை. எப்போது சீட்டு கேட்பது, எப்போது நிறுத்துவது என்று முறையாக ஆடினால் பல மேசைகளில் கேசினோவின் பங்கு அரை சதவீத அளவுக்கு இறங்கும். யோசனைக்குப் பலன் உள்ள ஆட்டம் அது ஒன்றுதான் என்று சொல்லலாம், போக்கரை விட்டால். அங்கே இரண்டு லார்ஜோடு உட்காருவது கையில் இருக்கிற ஒரே பிடியையும் விட்டுவிடுவதுதான். போக்கரில் எதிரே உட்கார்ந்திருப்பவர் சோடா மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் ஏன் என்று யோசியுங்கள்.

'எனக்கு ஒண்ணும் ஏறலையே' என்று மேசையில் நிறையப் பேர் சொன்னார்கள். 42.8 சதவீத விஸ்கி என்றால் 60 மில்லி லார்ஜ் ஒன்றில் கிட்டத்தட்ட 20 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அது ரத்தத்தில் முழுசாக ஏற அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும், நன்றாகச் சாப்பிட்டிருந்தால் இன்னும் தள்ளிப்போகும். முதல் கிளாஸ் ஏறி முடிவதற்குள் இரண்டாவது வந்துவிடுகிறது. ஈரலுக்கு ஒரு லார்ஜைக் கரைக்கவே இரண்டு மணி நேரமாவது வேண்டும். கட்டங்காப்பி குடித்தால் தூக்கம் கலையும், போதை இறங்காது.

இன்னொன்று. கோவாக்காரர்களை இந்தக் கேசினோக்களுக்குள் ஆட விடுவதில்லை. 2020 பிப்ரவரியிலிருந்து அந்த மாநில அரசே தடை போட்டிருக்கிறது. தன் ஊர்ப் பிள்ளைகள் வேண்டாம் என்று அவர்கள் ஒதுக்கிவைத்த மேசைக்கு நாம் இங்கிருந்து ரயிலேறிப் போகிறோம். நம்ம தெருக்களில் லாட்டரி என்ன செய்தது என்று பெரியவர்களுக்குத் தெரியும். 2003-ல் அது தடையானபோது நிம்மதியாக மூச்சுவிட்ட வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு.

போகத்தான் போகிறேன் என்றால் என் அபிப்பிராயம் இது. ஆடப்போகிறீர்களா, குடிக்கப்போகிறீர்களா என்று படகில் ஏறும்போதே முடிவு பண்ணுங்கள். ஆடுவதென்றால் கப்பலை விட்டு இறங்கி ரூமுக்கு வரும்வரை தண்ணீர்தான். போனாலும் பரவாயில்லை என்கிற பணத்தை மட்டும் எடுத்துப்போங்கள், கார்டையும் மிச்சப் பணத்தையும் குடிக்காத ஆளிடம் கொடுங்கள். குடிக்கிறதுதான் ஆசை என்றால் மேல்தளத்தில் பாட்டு கேட்டுக்கொண்டு உட்காருங்கள், கீழே இறங்காதீர்கள். குடியை விட்டுக்கொண்டிருக்கிறவரையும், ஆன்லைன் ரம்மியில் கடன் வாங்கினவரையும் தயவுசெய்து கூட்டிப்போகாதீர்கள். மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம்-5 கையேடு 2013-லிருந்து சூதாட்டப் பழக்கத்தையும் குடியோடு ஒரே வகையில்தான் வைத்திருக்கிறது. வீட்டில் யாருக்காவது அப்படி இருந்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம். நேரில் காட்ட வேண்டுமென்றால் அடையாறில் டிடிகே மருத்துவமனை இருக்கிறது. குடிக்கும் போதைப்பொருளுக்கும் அடிமையானவர்களுக்கென்றே 1980-லிருந்து நடக்கிறது.

மார்க் கேட்டால், சாப்பாட்டுக்கு 5-க்கு 4. கப்பல் பராமரிப்புக்கு 4. டிராவல்ஸுக்கு 1, அதுவும் ரயில் டிக்கெட்டைச் சரியாகப் போட்டுக்கொடுத்ததற்கு. மொத்தப் பேக்கேஜுக்கு 2.

சரக்கு இல்லாமல் பேக்கேஜ் கொடுத்தால் எவ்வளவு குறையும் என்று டிராவல்ஸ்காரரிடம் போய்க் கேட்டேன். ஒரு ரூபாய்கூடக் குறையாது என்றார். அந்தச் சிப்பைக் காசாக்க முடியாது என்று நோட்டீஸிலேயே பெரிய எழுத்தில் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பார்க்கலாம் என்றார். போட்டால் இங்கேயே எழுதி, அந்த 1-ஐ 2 ஆக்குகிறேன்.