காரில் ஏசி சூடாக அடிக்கிறதா: கேஸ் டாப்-அப்பா, லீக் வேலையா?

கத்திரி வெயில் நேரம். கப்பலூர் டோலில் வரிசையில் நிற்கிறேன். அதுவரை சில்லென்று வந்துகொண்டிருந்த காற்று மெல்ல மெல்ல வெதுவெதுப்பாகி, கடைசியில் அடுப்படிக் காற்று மாதிரி ஆகிவிட்டது. டோலைத் தாண்டி அறுபதில் போனதும் மறுபடி குளிர்ச்சி. மறுநாள் ஒரு கடையில் காட்டினேன். அழுத்தம் பார்க்கும் கேஜை மாட்டிப் பார்த்த பையன், "கேஸ் கம்மியா இருக்குண்ணே, டாப்-அப் போட்டுடலாம்" என்றான். போட்டேன். அதற்கு அப்புறம் சிக்னலில் ஒரு நிமிஷம் நின்றாலே சூடு.

உண்மையில் கெட்டிருந்தது கண்டென்சர் ஃபேன். கண்டென்சர் என்பது ஏசி கேஸின் சூட்டை வெளியே விடும், ரேடியேட்டர் மாதிரியான பாகம். என் வண்டியில் ரேடியேட்டருக்கு ஒரு ஃபேன், கண்டென்சருக்குத் தனியாக ஒன்று. எஞ்சின் சூடு ஏறாததால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று கண்டென்சரைக் குளிர்வித்தது. நின்றால் அதற்குக் காற்றே இல்லை. ஏற்கெனவே அழுத்தம் ஏறித் திணறிக்கொண்டிருந்த சிஸ்டத்தில் கூடுதலாக கேஸையும் ஏற்றியதால் இன்னும் சீக்கிரம் கம்ப்ரஸர் (கேஸை அழுத்திச் சுற்றவிடும் பம்ப்) கட்டானது. ஃபேன் மோட்டாரை மாற்றி, கேஸை முழுதாக இறக்கி, எடை பார்த்து நிரப்பிய பிறகுதான் சரியானது.

அதனால் டாப்-அப்பா, லீக் வேலையா என்று யோசிக்கும் முன் பானெட்டைத் திறந்து ஐந்து நிமிடம் பாருங்கள். எஞ்சினை ஐடிலில் விட்டு ஏசியைப் போடுங்கள். கண்டென்சர் ஃபேன் சுற்றுகிறதா? கிளட்ச் (கம்ப்ரஸரை எஞ்சின் பெல்ட்டோடு சேர்க்கும், பிரிக்கும் பாகம்) உள்ள கம்ப்ரஸர் என்றால் 'டிக்' என்று சத்தம் கேட்டு, புல்லியோடு முன்தட்டும் சேர்ந்து சுற்ற வேண்டும். ஃபேன் திடீரென்று தானாக ஓடத் தொடங்கும், கையைத் தள்ளியே வையுங்கள். பெல்ட்டுக்குத் தூரமான இடத்தில் ஏசி பைப்புகளைத் தொட்டுப் பாருங்கள். தடித்த பைப் வியர்த்துச் சில்லென்றும், மெல்லிய பைப் வெதுவெதுப்பாகவும் இருந்தால் கேஸ் தன் வேலையைச் செய்கிறது. அப்படியிருந்தும் உள்ளே சூடாக வந்தால் டாஷ்போர்டுக்குள் குளிர்காற்றையும் ஹீட்டர் காற்றையும் பிரிக்கும் கதவு மாட்டிக்கொண்டிருக்கலாம். அதற்கு எத்தனை கிலோ கேஸ் போட்டாலும் பயனில்லை. காற்றின் வேகமே குறைவு என்றால் கேபின் ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பாருங்கள். முதல் இருபது நிமிடம் நன்றாக இருந்து, எஞ்சின் சூடானதும் கிளட்ச் பிடிக்காமல், ஆறியதும் மறுபடி பிடிக்கிறதா? கிளட்ச் தட்டு தேய்ந்து இடைவெளி கூடியிருக்கலாம். பல வண்டிகளில் ஒரு ஷிம்மை (இடைவெளிக்காக வைக்கும் மெல்லிய வளையத் தகடு) எடுத்தாலே போதும். இதற்கே முழு கம்ப்ரஸரை மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

இதெல்லாம் சரியாக இருந்து, தடித்த பைப்பும் சூடாகவே இருக்கிறது என்றால்தான் கேஸ் பற்றிய பேச்சு.

டாப்-அப்பின் கவர்ச்சி புரிகிறது. அரை மணி நேர வேலை, செலவும் குறைவு, கடையை விட்டுக் கிளம்பும்போதே குளிர்கிறது. ஆனால் பெட்ரோல் மாதிரி கேஸ் எரிந்து தீர்வதில்லை. மூடிய வட்டத்துக்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரஸர் ஷாஃப்ட் சீல் வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவது இயல்பு. அது குளிர்ச்சியில் தெரியவே பல வருஷம் ஆகும். ஒவ்வொரு சித்திரையிலும் கேஸ் போட வேண்டியிருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது, சந்தேகமே வேண்டாம்.

கேஜ் விஷயத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். எஞ்சினை நிறுத்தி கேஜ் மாட்டினால் அது கேஸின் அளவைச் சொல்லாது. உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சம் இருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான். பல கார் ஏசிகளில் இருக்கும் ஆர்134ஏ கேஸ் 35 டிகிரி வெயிலில் ஏறத்தாழ 114 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே 150 கிராம் இருந்தாலும் அதே எண்தான், 400 கிராம் இருந்தாலும் அதே எண்தான். ஓடும்போது எடுக்கிற அளவும் ஃபேன், வெயில், எஞ்சின் வேகம் எல்லாவற்றுக்கும் தகுந்து மாறும். பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இத்தனை கிராம் என்று போட்டிருப்பார்கள். அந்த அளவுக்குக் கொண்டுவர, இருப்பதை இறக்கி, வேக்கம் போட்டு (பம்பால் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து), தராசில் வைத்து நிரப்புவதே நம்பகமான வழி. டாப்-அப் என்பது பாத்திரத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமலே மேலே ஊற்றுவது.

என் மச்சான் மூன்று கோடையாக டாப்-அப்பிலேயே ஓட்டினார். ஒவ்வொரு முறையும் ஆயிரத்துச் சொச்சம். கேஸ் கசியும்போது கம்ப்ரஸருக்கு வேண்டிய ஆயிலும் கூடவே வெளியேறும். கேஸ் மட்டும் திரும்ப வரும், போன ஆயில் வராது. நான்காவது கோடைக்கும் அப்படியே விட்டிருந்தால் கம்ப்ரஸர் ஜாம் ஆகி, அதன் உலோகத் தூள் கண்டென்சர் வரை போய் அடைத்திருக்கும். நல்லவேளை, அதற்குள் ஒரு தனி ஏசி மெக்கானிக்கிடம் கூட்டிப்போனேன்.

அவர் முதலில் கேஜைக் கையில் எடுக்கவே இல்லை. டார்ச் அடித்து ஒவ்வொரு ஜாயின்ட்டாகப் பார்த்தார். கேஸோடு கசிந்த ஆயிலில் தூசு ஒட்டி, கண்டென்சரின் கீழ்மூலையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாகப் பிசுபிசுத்தது. நைட்ரஜன் ஏற்றி அங்கே சோப்பு நுரை தடவினார். சின்னதாக ஒரு குமிழி ஊதி ஊதிப் பெரிதானது. கல் பட்ட ஊசித்துளை. புது கண்டென்சர், ஈரத்தை உறிஞ்சும் புது டிரையர், ஜாயின்ட்டுகளுக்குப் புது ஓ-ரிங்குகள் (ரப்பர் வளையங்கள்), அளந்த ஆயில். அரை மணி நேரம் வேக்கம் ஓடிய பிறகு பம்பை நிறுத்தி, முள் ஏறுகிறதா என்று பத்து நிமிடம் காத்திருந்தார். உள்ளே நின்ற ஈரப்பதத்தையும் வேக்கம்தான் இழுத்து வெளியேற்றுகிறது. ஈரம் உள்ளேயே தங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வில் (கேஸ் குளிரும் முன் நுழையும் குறுகிய வழி) பனியாக உறையும், ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி உள்ளே அரிக்கும்.

பில் மூன்று டாப்-அப்பைவிட அதிகம்தான், ஒரு நாளும் போனது. இருந்தும் நான் இதன் பக்கம்தான். டாப்-அப்புக்கு நான் இடம் கொடுப்பது ஓரிடத்தில் மட்டும்: குடும்பத்தோடு வெளியூரில் மாட்டிக்கொண்டு, ஊர் போய்ச் சேர்ந்தால் போதும் என்கிற நிலையில்.

லீக் தெரிந்த பிறகு ஒட்டுவதா, புதிதாகப் போடுவதா என்ற அடுத்த கேள்வி வரும். அலுமினியப் பைப் என்றால் ஆர்கன் வெல்டிங் நன்றாக நிற்கும், ஒட்டலாம். சர்வீஸ் வால்வின் பின்னோ ஓ-ரிங்கோ என்றால் சில்லறைச் செலவு. கூலிங் காயிலை (டாஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) மட்டும் ஒட்டாதீர்கள். அதன் சுவர் மெல்லியது, ஒரு இடம் அரித்திருந்தால் பக்கத்திலும் அரித்திருக்கும். பெரும்பாலான வண்டிகளில் அதை எடுக்க டாஷ்போர்டைப் பிரிக்க வேண்டும். ஒட்டு விட்டுப்போனால் அந்தக் கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டியிருக்கும்.

எங்கே கொடுப்பது? கம்பெனி சர்வீஸில் மெஷின் கேஸை உறிஞ்சி எடுத்து கிராம் கணக்கில் நிரப்பும், ஆனால் முழு பாகமாக மாற்றவே சொல்வார்கள். தனி ஏசி கடையில் சின்ன வேலையைச் சின்னதாகவே முடிப்பார்கள், ஆனால் பலர் பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடுகிறார்கள். ஆர்134ஏ கார்பன் டை ஆக்சைடைவிட 1,430 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது. அதனால் கேஸை உறிஞ்சி எடுக்கும் ரெக்கவரி மெஷினும் தராசும் இருக்கிறதா என்று முதலில் கேட்பேன். இரண்டும் இருக்கிற தனிக்கடைதான் என் தேர்வு. ஸ்டிக்கரில் ஆர்1234ஒய்எஃப் (புதிய வகைக் கேஸ்) என்று இருந்தால் அதற்குரிய கருவி உள்ள இடத்துக்கே போங்கள். அதில் ஆர்134ஏ ஏற்றவே கூடாது. மலிவு என்று சமையல் கேஸ் வகைக் கலவையை ஏற்றச் சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். காயிலில் கசிந்தால் எரியும் வாயு நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே வரும்.

மச்சான் வண்டிக்குப் பிறகு இரண்டு கோடை போய்விட்டது. இதுவரை கேஜ் மாட்டவில்லை.