டச்டவுனா, தரையில் விழுவதா? அமெரிக்கக் கால்பந்தின் கடைசி இரண்டு நிமிடங்கள்

2020 அக்டோபர் 25 அன்று அட்லாண்டாவில் டாட் கர்லி ஒரு டச்டவுன் அடித்தார், அதாவது பந்தை எதிரணியின் கோல் லைனுக்கு அப்பால் கொண்டுபோய் ஆறு புள்ளி எடுத்தார். அதனாலேயே அவருடைய அணி தோற்றது.

அட்லாண்டா ஃபால்கன்ஸ் அப்போது 14-16 என்று பின்தங்கியிருந்தது. ஆட்டம் முடிய ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் பாக்கி. பந்து டெட்ராய்ட் லயன்ஸின் கோல் லைனுக்குப் பத்து யார்டு தள்ளி இருந்தது. லயன்ஸிடம் டைம்அவுட் (கடிகாரத்தை நிறுத்தும் வாய்ப்பு) ஒன்றும் மிச்சமில்லை. பந்தோடு ஓடிய கர்லி, கோட்டை நெருங்கியதும் நிற்கப் பார்த்தார், விழப் பார்த்தார். ஓடிவந்த வேகத்தில் உடல் சரிந்து பந்து கோட்டைத் தாண்டிவிட்டது. இரண்டு புள்ளிக்கான கூடுதல் முயற்சியும் பலித்து 22-16. கடிகாரத்தில் 1:04. அந்த 64 விநாடிகளில் லயன்ஸின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்) மேத்யூ ஸ்டாஃபோர்ட் 75 யார்டு கடந்து, நேரம் தீர்ந்த கணத்தில் டச்டவுன் வீசினார். ஒரு புள்ளிக்கான கூடுதல் உதையும் உள்ளே போக, 23-22 என்று லயன்ஸ் வென்றது.

கிரிக்கெட்டில் சேஸிங் செய்யும் அணி இலக்கைத் தொட்டுவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். இங்கே அப்படி இல்லை. புள்ளி எடுத்த உடனே பந்து எதிரணியின் கைக்குப் போகிறது, கடிகாரத்தில் மிஞ்சியிருக்கும் நேரமும் அவர்களுக்கே. அதனால்தான் கோட்டுக்கு ஒரு அடி முன்னால் வேண்டுமென்றே விழுவது என்ற விசித்திரமான வழி பிறந்தது: பந்தைக் கையிலேயே வைத்து நேரத்தைக் கரைத்துவிட்டு, தேவையென்றால் கடைசியில் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுத்துக்கொள்ளலாம்.

கணக்கைப் பார்த்துவிடலாம். ஓடுபவர் மைதானத்துக்குள்ளேயே விழுந்தால் கடிகாரம் நிற்காது. அடுத்த பிளேயை (ஆட்ட நகர்வை) தொடங்க 40 விநாடி அவகாசம் உண்டு. அதை முழுதாகத் தின்றுவிடலாம். ஒரு அணிக்குப் பந்தை முன்னே கொண்டுபோக நான்கு முயற்சிகள் உண்டு, ஒவ்வொன்றும் ஒரு டவுன். முதல் டவுன் கையில் இருந்து, எதிரணியிடம் டைம்அவுட் இல்லையென்றால், குவார்ட்டர்பேக் பந்தோடு மூன்று முறை முழங்காலிட்டு பிளேயை முடித்தே ஏறக்குறைய இரண்டு நிமிடத்தைக் கரைத்துவிடுவார். எதிரணியிடம் இருக்கும் ஒவ்வொரு டைம்அவுட்டும் அவர்களுக்கு 40 விநாடியை மீட்டுத் தரும். இந்த ஒரு கணக்கை வைத்துத்தான் இரண்டு வழிகளையும் எடைபோட வேண்டும். "வந்த புள்ளியை விடாதே" என்ற பழைய வாதம் இந்த 40 விநாடிகளைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

முன்னிலையில் இருக்கும் அணிக்கு இதில் விவாதமே தேவையில்லை. 2007 டிசம்பரில் டல்லாஸில் பிலடெல்பியா ஈகிள்ஸ் 10-6 என்று முன்னிலை. இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் பாக்கி, கவ்பாய்ஸிடம் டைம்அவுட் இல்லை. எதிரே ஆளில்லாமல் ஓடிய பிரையன் வெஸ்ட்புரூக் ஒரு யார்டு கோட்டில் தானாகவே விழுந்தார். டச்டவுன் அடித்திருந்தால், கூடுதல் உதையோடு 17-6 ஆகியிருக்கும். கவ்பாய்ஸுக்குப் பந்தும் கிடைத்திருக்கும். விழுந்ததால் அவர்கள் பந்தைத் தொடவே இல்லை. தனக்கு வரவேண்டிய டச்டவுனை இவ்வளவு தெளிவாக விட்டுக்கொடுத்த அந்த முடிவுக்கு எவ்வளவு பாராட்டு கொடுத்தாலும் தகும்.

சமநிலையில் இருக்கும்போதும் விழுவதே என் தேர்வு. 2023 சூப்பர் பௌலில் (ஆண்டின் இறுதிப்போட்டியில்) கன்சாஸ் சிட்டி சீஃப்ஸும் ஈகிள்ஸும் 35-35. இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் சீஃப்ஸின் ஜெரிக் மெக்கின்னன் பந்தோடு ஓடி, இரண்டு யார்டு தள்ளிச் சறுக்கி உட்கார்ந்துவிட்டார். அப்புறம் முழங்காலிட்டே நேரத்தை ஓட்டினார்கள். 8 விநாடி மிச்சமிருக்க ஹாரிசன் பட்கரின் 27 யார்டு உதை 38-35 ஆக்கியது. இதே பட்கர் அதே ஆட்டத்தில் முன்பு 42 யார்டு உதை ஒன்றைக் கம்பத்தில் அடித்துத் தவறவிட்டிருந்தார் என்பதை மறக்கக்கூடாது. ஆனாலும் சமநிலையில் உதை தவறினால் கிடைப்பது ஓவர்டைம், தோல்வி அல்ல. மறுபக்கம், அன்று வேண்டிய இடத்திலெல்லாம் புகுந்து விளையாடிய ஈகிள்ஸ் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸின் கையில் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் கொடுப்பது. எனக்கு இதில் தயக்கமே இல்லை.

உண்மையில் கடினமான இடம் மூன்றாவது: ஒன்றோ இரண்டோ புள்ளி பின்தங்கியிருப்பது. இங்கே உதை தவறினால் தோல்வி. குறுகிய உதையும் தவறும். 2007 ஜனவரியில் சியாட்டிலில் கவ்பாய்ஸ் 20-21 என்று பின்தங்கி, வெறும் 19 யார்டு உதைக்கு வந்தது. பந்தைப் பிடித்து நிறுத்த வேண்டிய டோனி ரோமோவின் கையிலிருந்து அது நழுவியது. 2016 ஜனவரியில் மினசோட்டாவின் பிளேர் வால்ஷ் 27 யார்டிலிருந்து வெளியே அடிக்க, வைக்கிங்ஸ் 9-10 என்று வெளியேறியது. "கையில் வந்த டச்டவுனை விடாதே" என்று சொல்பவர்கள் இந்த இரண்டையும்தான் காட்டுவார்கள். நியாயமான பயம்தான். ஆனால் இப்படிப்பட்ட தவறுகள் ஆண்டுக்கணக்கில் நினைவில் நிற்பதற்குக் காரணமே அவை அபூர்வம் என்பது. ஒரு நல்ல குவார்ட்டர்பேக் ஒரு நிமிடத்தில் மைதானத்தைக் கடப்பது அவ்வளவு அபூர்வமில்லை. கர்லியின் நிலையில், எதிரணியிடம் டைம்அவுட் இல்லாதபோது, விழுந்திருக்க வேண்டும். எதிரணியிடம் இரண்டு மூன்று டைம்அவுட் இருந்திருந்தால் நேரத்தைக் கரைக்கவே முடியாது. அப்போது டச்டவுன்தான் சரி. மூன்று புள்ளியோ அதற்கு மேலோ பின்தங்கியிருந்தாலும் யோசிக்கவே வேண்டாம், அடித்துவிட வேண்டும்.

இடைப்பட்ட நிலைக்கு உதாரணம் 2012 சூப்பர் பௌல். நியூயார்க் ஜயன்ட்ஸ் 15-17, எதிரணியான பேட்ரியட்ஸிடம் ஒரு டைம்அவுட். ஜயன்ட்ஸின் அகமது பிராட்ஷாவுக்கு பேட்ரியட்ஸ் வேண்டுமென்றே வழியைத் திறந்துவிட்டார்கள். அடிக்காதே என்று ஜயன்ட்ஸ் குவார்ட்டர்பேக் ஈலை மானிங் கத்தினார். பிராட்ஷா திரும்பி நிற்கப் பார்த்து, பின்பக்கமாகவே கோட்டுக்குள் உட்கார்ந்தார். 21-17, மிச்சம் 57 விநாடி. ஜயன்ட்ஸ் வென்றது என்றாலும் மானிங் சொன்னதுதான் சரி என்பது என் எண்ணம். விழுந்திருந்தால், பேட்ரியட்ஸ் தன் டைம்அவுட்டைச் செலவழித்த பிறகும் அதன் குவார்ட்டர்பேக் டாம் பிரேடிக்குப் பத்து விநாடிக்கு மேல் தேறியிருக்காது.

தடுக்கும் அணிக்கும் இதே கேள்வி தலைகீழாக வருகிறது: வழிவிடுவதா, நின்று தடுப்பதா? 1998 சூப்பர் பௌலில் கிரீன் பே பயிற்சியாளர் மைக் ஹோம்கிரன் 24-24 என்ற நிலையில், டென்வரின் டெரல் டேவிஸுக்கு வழிவிடச் சொன்னார். 1:45 மிச்சம் கிடைத்தது, ஆனால் சமன் செய்ய ஏழு புள்ளி தேவைப்பட்டது, கிடைக்கவில்லை. அது முதல் டவுன் என்று நினைத்திருந்ததாக அவரே பின்னர் சொன்னார். உண்மையில் இரண்டாவது டவுன். ஒரு டவுன் குறைந்தால் எதிரணி கரைக்கக்கூடிய நேரமும் 40 விநாடி குறைகிறது. அதைக் கணக்கில் சேர்த்திருந்தால், நின்று தடுத்து, விட்டாலும் மூன்று புள்ளியோடு விட்டிருக்கலாம்.

2015 சூப்பர் பௌலில் பேட்ரியட்ஸ் பயிற்சியாளர் பில் பெலிசிக் எடுத்தது இந்த இரண்டுமே இல்லை. பேட்ரியட்ஸ் 28-24 முன்னிலை. சியாட்டிலின் மார்ஷான் லின்ச் ஒரு யார்டில் மடக்கப்பட்டபோது ஏறக்குறைய ஒரு நிமிடம் பாக்கி. கையில் இரண்டு டைம்அவுட் இருந்தும் பெலிசிக் அசையவில்லை. கடிகாரம் 26 விநாடிக்கு இறங்கியது. ஒரே டைம்அவுட் வைத்திருந்த சியாட்டிலால் அந்த நேரத்தில் மூன்று முறை ஓடிப் பார்க்க முடியாது. ஒரு முறையாவது வீசியாக வேண்டும், ஏனென்றால் வீசிய பந்து பிடிபடாவிட்டால் கடிகாரம் நிற்கும். வீசினார்கள், பேட்ரியட்ஸின் மால்கம் பட்லர் இடைமறித்துப் பிடித்தார், ஆட்டம் முடிந்தது. எதிரணியை நெருக்கிய அந்தப் பொறுமையை நான் மதிக்கிறேன். ஆனாலும் நான் டைம்அவுட் கேட்டிருப்பேன். டைம்அவுட் கேட்காத நிலையில் லின்ச் உள்ளே போயிருந்தால் 28-31. சமன் செய்யும் உதைக்கு அருகே போக பிரேடிக்கு இருபது விநாடிதான் கிடைத்திருக்கும். 2022 ஜனவரியில் பஃபலோவுக்கு எதிராக சீஃப்ஸ் குவார்ட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸ் 13 விநாடியில் அதைச் செய்து காட்டினார் என்பது உண்மை. ஆனால் அன்று அவர் கையில் மூன்று டைம்அவுட்டும் இருந்தன.