கிரவுன் மாற்றியதாகச் சொல்லி மீட்டர் பல்லை மட்டும் மாற்றுகிறார்கள்: பழைய டீசல் பிக்கப் வைத்திருப்போர் கவனத்துக்கு

“ஹவுசிங் ரேஷியோவை மாற்றி மைலேஜ் ஏற்றித் தருகிறோம்” என்று சொன்ன ஒரு பட்டறையில் வண்டியை விட்டுப் பணம் போனதைப் பற்றிய பதிவு இது. பட்டறையின் பெயர் வேண்டாம். செய்த விதம் தெரிந்தால் போதும், ஏனென்றால் இதை எந்த ஊரிலும் செய்யலாம், வண்டி ஓட்டுகிறவருக்கு வெளியே எதுவும் தெரியாது.

வண்டி 2.5 லிட்டர் டீசல், நாலு கியர், டாப் கியர் நேரடி, அதாவது எஞ்சின் சுற்று அப்படியே பின்னால் போகும். டயர் 215/75 ஆர்15. பின் ஆக்ஸில் நடுவிலுள்ள ஹவுசிங்கில் 4.88 ரேஷியோ, அதாவது கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தில் 39 பல், அதைச் சுற்றவைக்கும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தில் 8 பல், பினியன் 4.88 முறை சுற்றினால் கிரவுன் ஒரு முறை சுற்றும். அதைக் கழற்றிவிட்டு 47-க்கு 11 பல் உள்ள 4.27 செட் போடுவதாகப் பேச்சு. வேலை முடிந்து வந்தபின் லிட்டருக்கு 11 கொடுத்த வண்டி மீட்டர் கணக்கில் பன்னிரண்டரை காட்டியது. இழுவையோ துளியும் குறையவில்லை. சந்தேகப்பட வேண்டிய இடம் அதுதான். 4.88-லிருந்து 4.27-க்குப் போனால் எல்லா கியரிலும் சக்கரத்துக்குப் போகும் இழுவை எட்டில் ஒரு பங்கு குறைந்தே ஆகும். லோடோடு முதல் கியரில் எடுக்கும்போது கிளட்ச்சே அதைச் சொல்லிவிடும்.

நெடுஞ்சாலை கிலோமீட்டர் கல்லை வைத்துப் பார்த்தபோது 10 கிலோமீட்டருக்கு மீட்டர் 11.4 ஓடியது. கியர் பாக்ஸின் பின்பக்கம் ஸ்பீடோமீட்டர் கேபிள் சேரும் இடத்தில் இருந்த சின்னப் பல்சக்கரத்தைக் கழற்றினால் விஷயம் வெளியே வந்துவிட்டது. 16 பல் இருந்த இடத்தில் 14 பல். பல் குறைந்தால் கேபிள் வேகமாகச் சுற்றும். 16-ஐ 14-ஆல் வகுத்தால் 1.14, மீட்டர் கூடுதலாக ஓடிய அளவும் அதுவே. உண்மையில் வண்டி அதே 11-தான் கொடுத்துக்கொண்டிருந்தது. ஹவுசிங் மூடியைத் திறந்தால் உள்ளே அதே பழைய 39-க்கு 8. மூடியில் புது சிலிகான், வெளியே புது கறுப்பு பெயிண்ட், அவ்வளவுதான் வேலை.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மீட்டர் பல்லை மாற்றுவது தானாகத் திருட்டு ஆகாது. கிரவுனை நிஜமாகவே 4.27-க்கு மாற்றினால், மீட்டர் கேபிள் கியர் பாக்ஸிலிருந்து போகும் வண்டிகளில் 10 கிலோமீட்டருக்கு 8.75 மட்டுமே காட்டும். அதைச் சரிக்கட்ட 14 பல் போடுவதுதான் முறை. ஆகவே “மீட்டர் பல் மாற்றினீர்களா” என்று கேட்டால் “ஆமாம், மாற்ற வேண்டும்” என்ற பதில் நியாயமாகவே ஒலிக்கும். பெரிய வேலையை விட்டுவிட்டு அதன் வாலை மட்டும் செய்துவிடுகிறார்கள்.

ஹவுசிங்கைத் திறக்காமலே ரேஷியோவைக் கண்டுபிடிக்கலாம். சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கும் ஒரு பின்சக்கரத்துக்கும் இருபுறமும் கட்டை கொடுங்கள். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் விடுவித்த நிலை. மற்றப் பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் போகவே கூடாது. தூக்கிய டயரிலும், கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் புரொபெல்லர் ஷாஃப்டிலும் சாக்பீஸ் கோடு ஒன்று போட்டு, டயரைக் கையால் 20 சுற்று சுற்றுங்கள், இன்னொருவர் ஷாஃப்டின் சுற்றை எண்ணட்டும். ஒரு சக்கரம் தரையில் நிற்பதால், இரு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் காரணமாகக் கிரவுன் பாதியாக, 10 சுற்றுதான் சுற்றும். எனவே 4.88 என்றால் ஷாஃப்ட் 49-க்குச் சற்றுக் குறைவாக, 4.27 என்றால் 43-க்குச் சற்றுக் குறைவாகச் சுற்றும். ஆறு சுற்று வித்தியாசம், தப்பவே தப்பாது. வேலைக்கு விடும் முன் ஒரு முறை, வண்டியை எடுக்கும்போது பட்டறையிலேயே ஒரு முறை.

சரி, நிஜமாக மாற்றினால் எவ்வளவு மிச்சம்? மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர். இந்த டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.15 மீட்டர் உருளும், ஆக நிமிடத்துக்கு 465 சுற்று. டாப் கியரில் எஞ்சின் 4.88-ல் 2270, 4.27-ல் 1985 ஆர்பிஎம் ஓடும். எஞ்சின் சுற்று எட்டில் ஒரு பங்கு குறைகிறது என்பதற்காக டீசலும் அப்படியே குறையாது. காற்றைத் தள்ளவும் டயரை உருட்டவும் வேண்டிய சக்தி அதேதான். குறைவது எஞ்சினின் உள் உராய்வு மட்டும். ரேஷியோ குறையும் சதவீதத்தையே மைலேஜ் சதவீதமாகச் சொல்லி விற்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

அந்தச் சிறு லாபமும் நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடும் வண்டிக்குத்தான். கடைக்குக் கடை நின்று இறக்கும் வண்டிக்கு ஒன்றும் கிடைக்காது, கிளட்ச் பிளேட் சீக்கிரம் தேயும். கொல்லிமலை மாதிரி 70 கொண்டை ஊசி ஏறும் வண்டி என்றால் தொடவே வேண்டாம். மூன்றாவதில் ஏறிய இடத்தில் இரண்டாவது கேட்கும், டீசல் கூடத்தான் செய்யும். இறக்கத்தில் எஞ்சின் பிடிப்பும் குறைவதால் பிரேக் டிரம் அளவுக்கு மீறிச் சூடாகும். இது உயிர் சம்பந்தப்பட்டது. நாலு கியர் வண்டிக்கு ஓவர்டிரைவ் (எஞ்சினைவிட ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும் கியர்) உள்ள ஐந்து கியர் பாக்ஸ் பொருந்துமானால் அதுவே மேல், முதல் கியரின் இழுவை அப்படியே இருக்கும்.

நேர்மையாகச் செய்யும் இடத்திலும் வேலை கெட வழி நிறைய. கிரவுனும் பினியனும் கம்பெனியில் ஒன்றோடொன்று உரசி ஜோடி சேர்த்தவை. இரண்டிலும் பொறித்த ஜோடி எண் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். பழைய மார்க்கெட்டில் வெவ்வேறு வண்டியிலிருந்து எடுத்துச் சேர்த்த செட் ஊளையிடும், சில மாதத்தில் பல் உதிரும். பினியன் ஆழத்துக்கு ஷிம் (மெல்லிய தகடு), பேரிங்குக்கு ப்ரீலோடு (முன்கூட்டிக் கொடுக்கும் இறுக்கம்), பல்லிடைத் தளர்வு சுமார் 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர், இதை டயல் கேஜ் இல்லாமல் கையால் ஆட்டிப் பார்த்து “சரியா இருக்கு” என்பவர் வேண்டாம். பினியன் நட்டை இறுக்கும்போது நசுங்கி ப்ரீலோடைப் பிடிக்கும் ஸ்லீவ் உள்ள ஆக்ஸிலில் அது ஒருமுறைக்குத்தான், பழையதைத் திரும்பப் போட்டால் ப்ரீலோடு நிற்காது. பல்லில் வண்ணம் தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுவதைப் போட்டோ எடுத்துத் தரச் சொல்லுங்கள். டானா 44 வகை ஆக்ஸிலில் 4.88-லிருந்து 3.73-க்கு இறங்கினால் கிரவுனைத் தாங்கும் டிஃபரன்ஷியல் கேஸும் மாற வேண்டும். 4x4 வண்டியில் முன் ஆக்ஸிலையும் அதே ரேஷியோவுக்கு மாற்றாமல் விட்டால், தார் ரோட்டில் நாலு சக்கரமும் போட்டதும் முன், பின் ஆக்ஸில் இரண்டுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும்.

பில்லில் “மைலேஜ் வேலை” என்று ஒரே வரியில் எழுதுவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். எங்களுக்குக் கிடைத்த பில் அப்படித்தான் இருந்தது. கிரவுன், பினியன் பல் எண்ணிக்கை, ஜோடி எண், மீட்டர் பல் எண்ணிக்கை மூன்றும் எழுத வேண்டும், கழற்றிய பழைய செட் உங்கள் கைக்கு வர வேண்டும். டீசல் பம்பின் சீல் கம்பியையும் வண்டி விடும்போதே போட்டோ எடுத்து வையுங்கள். எரிபொருள் ஸ்க்ரூவைக் குறைத்துவிட்டு “மைலேஜ்” என்று காட்டும் ஆட்களும் உண்டு.

ஏமாந்திருந்தால் மீட்டர் பல், கிலோமீட்டர் கல் சோதனை, ஷாஃப்ட் எண்ணிய வீடியோ எல்லாவற்றையும் சேர்த்து எழுத்தில் பட்டறைக்கு நோட்டீஸ் கொடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. அதுவரை கழற்றிய 14 பல் சக்கரத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.