நடைப்பயிற்சிக் குறிப்பேடு: மூன்று மாதப் பயன்பாட்டுக்குப் பின்

தருமபுரியில் நான் சிகிச்சை பெறும் சர்க்கரை நோய் மருத்துவமனையில் 40 ரூபாய்க்குத் தரும் நடைப்பயிற்சிக் குறிப்பேட்டை மூன்று மாதமாகப் பயன்படுத்திவருகிறேன். நடக்க வேண்டும் என்ற எண்ணம் நோய் தெரிந்த நாளிலிருந்தே, அதாவது நான்கு ஆண்டுகளாக, எனக்குக் குறைவின்றி இருந்தது; நடைதான் இல்லை.

குறிப்பேட்டின் முதல் பக்கத்தில், "...... முடிந்தவுடன், ...... இடத்தில், ...... நிமிடம் நடப்பேன்" என்று ஒரே ஒரு வாக்கியம் இருக்கிறது. ஆலோசகர் எதிரில் அமர்ந்து, அதை நிரப்பும்வரை நம்மை விடுவதில்லை. "காலையில்" என்று நான் எழுதியதை அடித்துவிட்டு, "காலையில் எந்த வேலை முடிந்தவுடன், ஐயா?" என்று கேட்டார். யோசித்து, "பால் வாங்கி வந்து வைத்தவுடன், ராமக்காள் ஏரிக்கரையில், 30 நிமிடம்" என்று எழுதினேன். இப்போது பால் தூக்கை அடுப்படியில் வைக்கும்போதே கால் செருப்பைத் தேடுகிறது.

உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் விளக்கிய முறை இதுதான். பிரிட்டனில் 248 மாணவர்களிடம் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், இதய நோயின் ஆபத்தை விளக்கும் துண்டறிக்கையை மட்டும் படித்தவர்களில் 35 சதவீதத்தினரே அடுத்த வாரம் உடற்பயிற்சி செய்தார்கள். அதோடு எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்றும் எழுதியவர்களில் 91 சதவீதத்தினர் செய்தார்கள். துண்டறிக்கையே பெறாதவர்களில்கூட 38 சதவீதத்தினர் செய்திருக்கிறார்கள் என்பதை, அறிவுரையை மட்டும் அச்சடித்துக் கொடுக்கும் எல்லா மருத்துவமனைகளும் கவனிக்க வேண்டும்.

உணவுப் பகுதி எனக்கு ஏமாற்றமே. "அரிசியைக் குறைத்துக் கேழ்வரகு சேர்க்கவும்" என்கிறது. அன்றாடம் களி கிண்டும் எங்கள் வீடுகளில் கேள்வி கேழ்வரகைப் பற்றியதன்று, உருண்டையின் அளவைப் பற்றியது. "இரண்டாவது உருண்டைக்குக் கை நீண்டால், முதலில் கீரைக் கடைசலை எடுத்துக்கொள்வேன்" என்பது போன்ற வரிக்கு அங்கே இடம் விட்டிருக்கலாம்.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. ஐப்பசி மழையில் ஏரிக்கரை சேறாகி, தொடர்ந்து 11 நாட்கள் நடக்காமல் விட்டேன். செயலுக்கான திட்டம் வேறு, தடையை எதிர்கொள்ளும் திட்டம் வேறு என்று ரால்ஃப் ஷ்வார்சர் போன்ற ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். இந்தக் குறிப்பேட்டில் முதலாவது மட்டுமே உண்டு. "மழை பெய்தால், மொட்டை மாடிப் படிக்கட்டில் 15 நிமிடம் ஏறி இறங்குவேன்" என்று பின்னட்டையின் உட்புறத்தில் நானே எழுதிக்கொண்ட பிறகுதான் நடை மீண்டும் நிலைத்தது. தடைகளுக்கென ஒரு பக்கம் சேர்க்குமாறு ஆலோசகரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்; அது வரும்வரை, வாங்குபவர்கள் அந்தப் பின்னட்டையை வெறுமையாக விடாமல் இருப்பது நல்லது.