பழைய கென்டர் லொறிக்கு மூன்று மீட்டர்: நீண்ட பாவனைக்குப் பிறகு

மிட்சுபிஷி கென்டர் லொறியில் 4டி33 எஞ்சின் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று, வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எஞ்சின் விஷயத்தில் அது சரிதான். ஆனால் அந்த 4.2 லீற்றர் எஞ்சின் உள்ளே என்ன பாடுபடுகிறது என்று சாரதிக்குக் காட்ட டாஷ்போர்டில் இருப்பது கொஞ்சம்: தண்ணீர் சூட்டுக்கு ஒரு முள், டீசலுக்கு ஒரு முள், ஒயிலுக்கு ஒரு சிவப்பு லைட், சார்ஜுக்கு இன்னொன்று. அவ்வளவுதான்.

2021இல் என்னுடைய லொறிக்கு ஒயில் பிரஷர், வோல்ட், தண்ணீர் சூடு என்று மூன்று மீட்டர்களை வெளியே வாங்கிப் பொருத்தினேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, கையில் இருக்கும் லொறியைக் காப்பாற்றுவதைத் தவிர எங்களைப் போன்ற சின்ன ஆட்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. புறக்கோட்டையில் மளிகைச் சாமான் ஏற்றினால் அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை ஏறி ஹட்டன், நுவரெலியா வரை போகும். திரும்பும்போது மரக்கறியோடு பேலியகொட மெனிங் மார்க்கெட்டில் வந்து நிற்கும். அந்த ஓட்டம் இன்றுவரை நடக்கிறது. மீட்டர் போட யோசிப்பவர்களுக்கு இந்தக் காலத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சிவப்பு லைட். ஒயில் லைட் எரியாதவரை ஒயில் சரி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்த லைட்டுக்கான சுவிட்ச், பிரஷர் கிட்டத்தட்ட 0.3 பாருக்கு (பார் என்பது பிரஷரை அளக்கும் அலகு) இறங்கிய பிறகுதான் வேலை செய்யும். ஓட்டத்தில் 3, 4 பார் இருக்க வேண்டிய எஞ்சின் 1 பாரில் ஓடிக்கொண்டிருந்தாலும் லைட் அணைந்தே இருக்கும். அது எரியும்போது பெயரிங்குகள் ஏற்கெனவே காய ஆரம்பித்திருக்கும். மூன்றில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் ஒயில் பிரஷர் மீட்டரை வாங்குங்கள். இதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியது இரண்டு. கென்டர் 24 வோல்ட் வண்டி. கடையில் தொங்கும் பளபளப்பான செட்டுகளில் பெரும்பாலானவை கார்களுக்கான 12 வோல்ட் மீட்டர்கள். கன்வெர்ட்டர் போட்டு ஓட்டலாம் என்று கடைக்காரர் சொல்வார், ஓட்டவும் முடியும். ஆனால் கன்வெர்ட்டர் போனால் எல்லா மீட்டரும் ஒரே நேரத்தில் செத்துவிடும். 24 வோல்ட் என்று எழுதியதையே தேடி எடுங்கள். அடுத்தது, மீட்டரும் சென்டரும் (எஞ்சினில் இருந்து அளவை மீட்டருக்கு அனுப்பும் sender) ஒரே குடும்பமாக இருக்க வேண்டும். ஜெர்மன் கம்பனியான வி.டி.ஓ.வின் முறையில் ஒயில் சென்டரின் மின்தடை 10 ஓமில் தொடங்கி 180 ஓம் சுற்றுக்கு ஏறும். அமெரிக்க முறையில் 240இல் தொடங்கி 33க்கு இறங்கும். ஒன்றின் மீட்டருக்கு மற்றதன் சென்டரைக் கொடுத்தால் முள் அசையத்தான் செய்யும், காட்டுவதெல்லாம் பொய். செட்டாக வாங்குவது நல்லது. நான் எடுத்தது 52 மில்லிமீற்றர் விட்டமுள்ள சாதாரண முள் மீட்டர்கள். டிஜிட்டல் இலக்கம் காட்டுபவை பகல் வெயிலில் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால் அவற்றைத் தொடவில்லை.

பொருத்துவதில் அதிக நேரம் எடுத்தது ஒயில் சென்டர். எஞ்சினில் இருக்கும் துளை ஜப்பான் முறைப்படி எட்டில் ஒரு அங்குல பி.எஸ்.பி.டி. மரை, அங்குலத்துக்கு 28 சுற்று. கடையில் கிடைக்கும் சென்டர்களில் பாதி அமெரிக்க முறை மரையான என்.பி.டி., அங்குலத்துக்கு 27 சுற்று. கையில் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. இரண்டு சுற்று சுகமாக உள்ளே போகும், அதற்குப் பிறகு இறுகும். அந்த இடத்தில் ஸ்பேனரால் பலம் கொடுத்தால் பிளாக்கின் மரை போய்விடும். பழைய சோனகத் தெருவில் ஹைட்ரோலிக் ஹோஸ் விற்கும் கடைகளில் ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்றும் பித்தளை அடெப்டர் கிடைக்கிறது. பழைய ஒயில் சுவிட்சைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய் அதில் மாட்டிப் பார்த்து வாங்க வேண்டும்.

இன்னொன்று, அந்தச் சிவப்பு லைட்டின் சுவிட்சையும் விடக்கூடாது. மீட்டர் பார்க்காத நேரத்தில் கூப்பிடுவது அதுதான். இரண்டையும் சேர்த்துப் போடப் பலரும் பிளாக்கிலேயே ஒரு பித்தளை டி இணைப்பைத் திருகி, அதன் ஒரு பக்கம் சுவிட்சையும் மறுபக்கம் சென்டரையும் மாட்டுகிறார்கள். ஒயில் சென்டர் ஒரு தகர டப்பி மாதிரி கனமாகவே இருக்கும். நாலு சிலிண்டர் டீசலின் அதிர்வில் அந்தக் கனம் நாள் முழுக்க ஆடினால் பித்தளையின் கழுத்து வெடிக்கும், ஒயில் முழுக்க ரோட்டில் போகும். எனக்கு வேலை செய்த மெக்கானிக் பாஸ் அதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. பிளாக்கிலிருந்து ஒரு சின்ன ஹோஸ் இழுத்து, டி இணைப்பையும் சென்டரையும் சசியில் ஒரு பிராக்கெட்டில் இறுக்கினார். ஹோஸ் வழியாக வந்தால் சென்டருக்கு எர்த் கிடைக்காது என்பதால் பிராக்கெட்டிலிருந்து பெட்டரியின் நெகட்டிவ் வரை தனி வயர் ஒன்று. மரையில் திரட் டேப்பைத் தடிப்பாகச் சுற்றினாலும் இதே எர்த் பிரச்சினை வரும். ஹெட்லைட் போட்டதும் முள் துள்ளுகிறது என்று யாராவது சொன்னால் முதலில் எர்த்தைத்தான் பாருங்கள்.

கென்டரின் கெபினை முன்னால் கவிழ்த்துத்தான் எஞ்சினைப் பார்க்க வேண்டும். சென்டர் வயர்களைக் குறுக்கு வழியில் இழுத்துக் கட்டினால் முதல் தடவை கெபினைத் தூக்கும்போதே அறுந்துவிடும். கம்பனி வயரிங் கெபினுக்குள் ஏறும் பாதையில், கீல் இருக்கும் பக்கமாக, கொஞ்சம் தளர்வு விட்டுத்தான் புது வயரும் போக வேண்டும். எங்கள் பாஸ் வயரைக் கட்டுவதற்கு முன்னால் கெபினை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து, எங்கே இழுபடுகிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். என் லொறியில் இன்றுவரை ஒரு வயரும் அறவில்லை. தெரிந்தவர்களின் லொறிகளில் அறுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மீட்டர்களை டாஷ்போர்டுக்கு மேலே வைக்காதீர்கள். கொழும்பு வெயிலில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் மூடி சீக்கிரம் மஞ்சளாகும், ஒட்டிய பசை இளகும். ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம், ரேடியோவுக்குக் கீழே, இரும்புத் தகட்டில் வெட்டிய சட்டத்தில் என்னுடையவை இருக்கின்றன. எல்லாம் சரியாக இருக்கும்போது மூன்று முள்ளும் நேராக மேலே பார்க்கும்படி மீட்டர்களைத் திருப்பிப் பொருத்தியிருக்கிறோம். இலக்கத்தை வாசிக்க வேண்டியதில்லை, ஒரு முள் சாய்ந்தால் ஓரக்கண்ணிலேயே தெரியும்.

இனிப் பாவனை. ஒயில் மீட்டர் வந்த முதல் மாதங்களில் நாங்கள் செய்தது பார்த்துக் கொப்பியில் எழுதுவது மட்டும்தான். காலையில் குளிர்ந்த எஞ்சினில் 4 பாருக்கு மேல். ஹட்டன் ரோட்டில் 3க்கும் 4க்கும் நடுவில். சூடேறிய பிறகு பேலியகொட நெரிசலில் ஐட்லில் நிற்கும்போது 1 பார். இதுதான் என் எஞ்சினின் குணம். பக்கத்து லொறி இன்னொரு கணக்குச் சொல்லும். மீட்டரின் பலனே இந்தக் கணக்கு தெரிந்த பிறகுதான் தொடங்குகிறது.

2023இல் அந்த ஐட்ல் பிரஷர் மெல்ல மெல்ல இறங்க ஆரம்பித்தது. ஒரே நாளில் விழுந்திருந்தால் யாருக்கும் தெரியும். இது வாரக்கணக்கில் நடந்தது, கடைசியில் அரை பார் வரை வந்துவிட்டது. லைட் எரியவில்லை, சத்தமும் இல்லை. ஒரு கராஜில் காட்டியபோது கிராங்க் பெயரிங் போயிருக்கும், எஞ்சினை இறக்க வேண்டும் என்றார்கள். அந்தச் செலவை நினைத்துக்கொண்டே எங்கள் பாஸிடம் கொண்டுபோனோம். அவர் எஞ்சினைத் தொடவில்லை. டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, மூக்குக்கிட்டே கொண்டுபோனார்.

“தம்பி, ஒயில் குறையல்ல, கூடியிருக்கு. நீங்களே மணந்து பாருங்க.”

மேல் கோட்டைத் தாண்டி ஒயில் நின்றது, டீசல் வாடை அடித்தது. டீசல் பம்பின் பக்கத்தில் இருக்கும் சின்ன ஃபீட் பம்பின் சீல் போய், டீசல் உள்ளே கசிந்து எஞ்சின் ஒயிலோடு கலந்திருக்கிறது. ஒயில் தண்ணீராகிப் போனால் பிரஷர் எப்படி நிற்கும்? ஃபீட் பம்பைச் செய்து, ஒயிலும் ஃபில்டரும் மாற்றியதும் முள் பழைய இடத்துக்கே திரும்பியது. மீட்டர் இல்லாமல் இருந்திருந்தால் அதே கலப்பு ஒயிலில் மூட்டை ஏற்றிக்கொண்டு கினிகத்தேனை ஏறியிருப்போம், அப்போது பெயரிங் உண்மையாகவே போயிருக்கும். மூன்று மீட்டருக்கும் கொடுத்த காசு இந்த ஒன்றிலேயே வந்துவிட்டது.

வோல்ட் மீட்டரை நான் பெரிதாக எதிர்பார்த்து வாங்கவில்லை, செட்டோடு வந்தது. ஓடும்போது 28 சுற்றி நிற்கும். எஞ்சினை நிறுத்தி, இரவு கழிந்து காலையில் சாவியைத் திருப்பினால் நல்ல இரண்டு பெட்டரிகள் சேர்ந்து 25க்கு மேல் காட்ட வேண்டும். எங்களுடையது 24ஐ ஒட்டியே நின்றது. கை மீட்டரால் தனித்தனியே பார்த்தால் ஒரு பெட்டரி 12.7, மற்றது 11.4. காரணம் ரேடியோ. முன்பு லொறியை வைத்திருந்தவர், ரேடியோவுக்கும் போன் சார்ஜருக்கும் 12 வோல்ட் வேண்டும் என்று ஒரே பெட்டரியிலிருந்து வயர் எடுத்திருந்தார். இலங்கையில் பாதி லொறிகளில் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தப் பெட்டரி மட்டும் இறங்கிக்கொண்டே போகும். சார்ஜ் இரண்டுக்கும் ஒன்றாகவே ஏறுவதால் மற்றது அளவுக்கு மேல் சார்ஜாகித் தண்ணீர் வற்றும். கடைசியில் இரண்டும் போகும், பழி பெட்டரிக் கம்பனிக்கு. இரண்டு பெட்டரியையும் சேர்த்து எடுக்கும் ஒரு சின்ன 24-12 கன்வெர்ட்டரை ரேடியோவுக்குப் போட்டதிலிருந்து பெட்டரிகள் ஒன்றாகவே வயதாகின்றன.

தண்ணீர் சூட்டு மீட்டரைப் பற்றி ஒரு எச்சரிக்கையோடுதான் சொல்ல வேண்டும். கம்பனி முள் நடுவில் வந்து நின்றுகொள்ளும், கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் அசையாது. புது மீட்டர் கித்துல்கல தாண்டி ஏற்றம் தொடங்கியதும் 82 பாகையிலிருந்து 90, 95 என்று ஏறுவதை அப்படியே காட்டும். சாரதி அண்ணன் கியரைக் குறைத்து ஏற்றுவார், முள் இறங்கும். மலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று: நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, திறந்த பாத்திரத்தில் தண்ணீர் அங்கே சுமார் 94 பாகையிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் நன்றாக இருந்தால் அதற்கு மேலும் தாங்கும். மூடி தளர்ந்திருந்தால் கொழும்பில் பிரச்சினை காட்டாத லொறி அங்கே கொதிக்கும்.

எச்சரிக்கை இதுதான். ஹோஸ் வெடித்துத் தண்ணீர் எல்லாம் போய்விட்டால் சூட்டு மீட்டர் ஏறாமல், இறங்கவும் கூடும். சென்டர் தண்ணீரில் நனைந்திருந்தால்தான் உண்மை சொல்லும். காற்றில் நின்றால் அதற்கு ஒன்றும் தெரியாது. எங்கள் லொறியில் கீழ் ஹோஸ் விட்டுப்போன அன்று முள் 70க்கு இறங்கியதைப் பார்த்து, “முதலாளி, முள் சரியில்ல, நிப்பாட்டிட்டேன்” என்று அண்ணன் போன் எடுத்தார். ஏற்றத்தில் சூடு இறங்கக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்ததால் எஞ்சின் ஹெட் தப்பியது. எல்லாச் சாரதிகளிடமும் அதை எதிர்பார்க்க முடியாது. அதற்குப் பிறகு ரேடியேட்டரின் மேல் தொட்டியில் தண்ணீர் மட்டம் பார்க்கும் ஒரு சென்சரும் பஸரும் போட்டோம். சூட்டு மீட்டர் போடுகிறவர்கள் இதையும் சேர்த்தே போட வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

குறைகளும் உண்டு. முதல் ஒயில் சென்டர் நீண்ட காலம் உழைக்கவில்லை, முள் நடுங்க ஆரம்பித்துப் பின் மேலேயே ஒட்டிக்கொண்டது. வி.டி.ஓ. முறைச் சென்டரில் வயரைக் கழற்றினால் முள் முழுதாக ஏற வேண்டும், வயரை எர்த்தில் தொட்டால் பூச்சியத்துக்கு வர வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டரும் வயரும் நல்லம், சென்டர்தான் போயிருக்கிறது. மீட்டருக்குள் இருக்கும் சின்ன பல்புகள் ஒவ்வொன்றாகக் கருகின. 24 வோல்ட் எல்.ஈ.டி. போட்டதும் அந்தத் தொல்லை தீர்ந்தது, ஆனால் இரவில் கண்ணைக் குத்தியதால் உள்ளே பச்சைத் தாள் ஒட்ட வேண்டி வந்தது.

4டி33க்கு டர்போ இல்லை என்பதால் டர்போவின் காற்றழுத்தம் காட்டும் பூஸ்ட் மீட்டரோ, எக்ஸோஸ்ட் புகையின் சூடு காட்டும் புகை சூட்டு மீட்டரோ தேவைப்படவில்லை. டர்போ உள்ள லொறி வைத்திருப்பவர்கள் மலையேறுபவர்களாக இருந்தால் ஒயில் மீட்டருக்கு அடுத்ததாகப் புகை சூட்டு மீட்டரை யோசிக்கலாம். அதன் சென்சர் டர்போவுக்கு முன்னால், எக்ஸோஸ்ட் மெனிஃபோல்டில் இருக்க வேண்டும். பழைய டீசல்களில் 700 பாகைக்கு மேல் நீண்ட நேரம் நிற்கவிடாமல் அக்சிலரேட்டரைத் தளர்த்துவது வழக்கம். துளை போட மெனிஃபோல்டைக் கழற்றி எடுக்கச் சொல்லுங்கள். லொறியில் வைத்தே டிரில் அடித்தால் இரும்புத் தூள் நேராக டர்போவின் இலைக்குள்தான் போகும். நேரம் மிச்சம் என்று யார் சொன்னாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.