லிஸ்பன் முதல் பார்சிலோனா வரை: எந்தச் சொகுசு யாட்டில் போகலாம்?

லிஸ்பனில் கப்பலேறி, போர்ச்சுகலின் தென்மேற்கு முனையைச் சுற்றிக்கொண்டு, காடிஸ், டான்ஜியர், மலாகா, கார்த்தஹேனா என்று ஊர் ஊராக நின்று பார்சிலோனாவில் இறங்குகிற வழி எனக்கு மிகவும் பிடித்த கடல்வழி. பாதிப் பயணம் அட்லாண்டிக்கில், மீதி மத்தியதரைக் கடலில். ஃபினீசியர்கள், ரோமர்கள், அரபுகள், மெகல்லன் என்று எல்லாரும் போய்வந்த துறைமுகங்கள். ஒரு வாரத்திலிருந்து பத்து நாளுக்குள் இவ்வளவு வரலாற்றைப் பார்க்க இதைவிடச் செறிவான வழி ஐரோப்பாவில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எதில் போவது என்பதில்தான் குழப்பம். விளம்பரப் படங்கள் எல்லாக் கப்பலுக்கும் ஒரே மாதிரி இருக்கும்: மாலை வெயில், மேல்தளத்தில் ஷாம்பெய்ன், வெள்ளை விரிப்புப் போட்ட மேசை. இந்த விலையில் சாப்பாடும் உபசரிப்பும் எங்கேயும் நன்றாகவே இருக்கும். கப்பலின் நீளம், உயரம், டன் கணக்கில் சொல்லும் கொள்ளளவு இவற்றில்தான் உண்மையான வித்தியாசம் இருக்கிறது. ஊருக்குள் வந்து கட்டுவார்களா, ஊருக்கு வெளியே கட்டிவிட்டுப் பேருந்தில் அனுப்புவார்களா என்பதை அந்த அளவுகள்தான் முடிவு செய்கின்றன.

இங்கே நான்கை எடுத்துக்கொள்கிறேன். நான்கும் எல்லா வருடமும் இதே வழியில் இதே ஊர்களுக்குப் போவதில்லை. பல சிறு சொகுசுக் கப்பல்கள் குளிர்காலத்துக்குக் கரீபியன் போய்விட்டு வசந்தத்தில் அட்லாண்டிக்கைக் கடந்து திரும்பும். அதனால் லிஸ்பன், காடிஸ், மலாகா வரும் பயணங்கள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களிலும், பிறகு செப்டம்பர், அக்டோபரிலும் கிடைக்கும்.

முதலாவது, ரிட்ஸ்-கார்ல்டன் பெயரில் ஓடும் எவ்ரிமா. ஸ்பெயினின் வீகோ நகரில் கட்டப்பட்டு, பலமுறை தள்ளிப்போய், 2022 அக்டோபரில் பார்சிலோனாவிலிருந்து முதல் பயணம் கிளம்பியது. 190 மீட்டர் நீளம், 149 சூட்கள், 298 பயணிகள், 246 ஊழியர்கள்.

இரண்டாவது, சீட்ரீம். ஹெல்சின்கியில் 1984, 1985-இல் கட்டிய இரட்டைக் கப்பல்கள். முன்பு சீ காடஸ் என்ற பெயரில் ஓடியவை. 105 மீட்டர் நீளம், 56 கேபின்கள், 112 பயணிகள், 95 ஊழியர்கள்.

மூன்றாவது ராயல் கிளிப்பர். 2000-இல் வந்த, ஐந்து பாய்மரங்கள் கொண்ட கப்பல். 134 மீட்டர் நீளம், 42 பாய்கள், 227 பயணிகள். 1902-இல் ஜெர்மனி கட்டிய ப்ராய்சன் என்ற மாபெரும் பாய்க்கப்பலை மனதில் வைத்து வடிவமைத்தார்கள்.

நான்காவது சீ கிளவுட். 1931, ஜெர்மனியின் கீல் நகரம். நான்கு பாய்மரங்கள், 64 பயணிகள் மட்டும்.

செவில்லா என்னும் சோதனை

இந்த வழியில் கப்பலின் தரத்தைக் காட்டிக்கொடுக்கும் ஊர் செவில்லா. அது கடலோரத்தில் இல்லை. சன்லூகார் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் குவாதல்கிவீர் ஆறு கடலில் கலக்கிறது. அங்கிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் ஆற்றில் மேலேறினால்தான் நகரம். மெகல்லனின் ஐந்து கப்பல்கள் 1519 ஆகஸ்டில் செவில்லாவிலிருந்து இந்த ஆற்றில் இறங்கி, செப்டம்பரில் சன்லூகாரிலிருந்து கடலுக்குப் போயின. இன்றைக்கு ஆற்றில் ஏறும்போது இடது கரையில் தோன்யானா சதுப்புநிலமும் பறவைக் கூட்டங்களும் வரும். அப்புறம் நெல் வயல்கள். நெல் வயலுக்கு நடுவே மெதுவாக ஒரு கப்பலில் போவது ஐரோப்பாவில் வேறெங்கே கிடைக்கும்! நகரத்துக்கு முன்னால் ஒரு நீரடைப்பு மதகு, பிறகு சென்டெனாரியோ பாலம், அதன் பிறகு கப்பலுக்காகத் தூக்கித் திறக்கும் தெலீசியாஸ் பாலம். அதையும் தாண்டினால் மரியா லூயிசா பூங்காவுக்குப் பக்கத்திலேயே கட்டிவிடலாம். இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் தங்கக் கோபுரம், பேராலயம், அல்காசர் அரண்மனை.

சீட்ரீம் அளவுள்ள கப்பலுக்கு இந்த ஆறு திறந்த வாசல். பாய்க்கப்பல்களுக்கு இங்கே சிக்கல் இருக்கிறது. சென்டெனாரியோ பாலத்தின் கீழ் இருக்கும் இடைவெளி 45 மீட்டர்தான். ராயல் கிளிப்பரின் பாய்மரம் 60 மீட்டர். சீ கிளவுடின் பாய்மரமும் 50 மீட்டரைத் தாண்டும். ஆகவே அவற்றுக்குக் காடிஸ்தான்.

பெரிய கப்பல்களின் அட்டவணையில் "செவில்லா" என்று போட்டிருந்தாலும் பல சமயம் அது காடிஸ் துறைமுகமாகத்தான் இருக்கும். அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் பேருந்து, திரும்பவும் ஒன்றரை மணி நேரம். வெயில் காலத்தில் இது ஒரு முழு நாளைத் தின்றுவிடும்.

காடிஸில் நிற்கிறவர்களுக்கு என் யோசனை ஒன்று உண்டு: செவில்லாப் பேருந்தில் ஏறாதீர்கள், காடிஸிலேயே இருங்கள். கப்பல் கட்டும் துறைக்கு எதிரே சாலையைக் கடந்தால் சான் ஹுவான் தெ தியோஸ் சதுக்கம். அங்கிருந்து பத்து நிமிடத்தில் மத்தியச் சந்தை. அட்லாண்டிக் மீன் அத்தனையும் காலையில் அங்கே வந்து இறங்கும். பொடி இறாலைக் கொண்டைக்கடலை மாவில் கலந்து, எண்ணெயில் மெல்லிசாகச் சுட்டு எடுக்கும் தொர்தியீத்தா இந்த ஊர்ப் பலகாரம். சூடாக, ஓரம் மொறுமொறுவென்று இருக்கும்போது சாப்பிட வேண்டும். ஃபினீசியர் காலத்திலிருந்து மனிதர்கள் விடாமல் வாழ்ந்துவரும் நகரம் இது. அரை நாள் தந்தால் அதற்குப் பற்றாது.

ஊருக்குள் கட்டும் வசதி மற்ற இடங்களிலும் முக்கியம். மலாகாவில் பெரிய கப்பல்களின் முனையம் அலைதடுப்புச் சுவரின் கடைசியில் இருக்கிறது. சிறு கப்பல்கள் பூங்காவை ஒட்டிய இரண்டாம் துறைக்கே வரமுடியும். அங்கிருந்து பிக்காசோ அருங்காட்சியகம் நடைதூரம். பார்சிலோனாவிலும் அப்படித்தான்: பெரிய கப்பல்கள் அதோசாத் துறையில் நின்று ஷட்டில் பேருந்தை நம்பியிருக்கும். உலக வர்த்தக மையத்தை ஒட்டிய துறையில் நிற்பவை ராம்ப்லா வீதியின் அடிவாசலில் நிற்கும். கார்த்தஹேனாவில் மட்டும் பேதமே இல்லை. யார் வந்தாலும் துறைக்கு எதிரேயே ஊர். 1988-இல் வெளிப்பட்ட ரோமானிய அரங்கத்துக்கு நடந்தே போகலாம்.

"யாட்" என்ற பெயரை மட்டும் நம்பிவிடக் கூடாது என்பதற்கு இந்த வழியில் இல்லாத ஓர் ஊரைச் சொல்கிறேன். வெனிஸில் 2021 ஆகஸ்ட் முதல் கொள்ளளவு 25,000 டன்னுக்கு மேல், அல்லது நீளம் 180 மீட்டருக்கு மேல் உள்ள கப்பல்கள் சான் மார்கோ சதுக்கத்தின் முன்னால் போகத் தடை. யாட் என்று விற்கப்படும் எவ்ரிமா இரண்டு அளவையும் தாண்டுகிறது. உயரத்துக்கும் 35 மீட்டர் வரம்பு உண்டு, ஆனால் பாய்க்கப்பல்களுக்கு அதில் விலக்கு.

கப்பலுக்குள்

அறை என்று பார்த்தால் எவ்ரிமாவுக்குப் போட்டியே இல்லை. மிகச் சிறிய சூட் கூட ஏறக்குறைய 28 சதுர மீட்டர், ஒவ்வொன்றுக்கும் தனி பால்கனி. சீட்ரீமில் சாதாரணக் கேபின் 18 சதுர மீட்டர்தான், பால்கனி கிடையாது. எவ்ரிமாவில் ஐந்து உணவகங்கள். அவற்றில் ஒன்றின் மெனுவை மூன்று மிஷெலின் நட்சத்திரம் பெற்ற ஜெர்மானியச் சமையல் கலைஞர் ஸ்வென் எல்வர்ஃபெல்ட் வடிவமைத்திருக்கிறார். வயதான பெற்றோரைக் கூட்டிப்போகிறவர்கள், அறையிலேயே அதிக நேரம் இருக்க விரும்புகிறவர்கள் எவ்ரிமாவை எடுத்தால் நிம்மதியாக இருப்பார்கள். லிஸ்பனுக்கும் காடிஸுக்கும் நடுவே அட்லாண்டிக் அலை எழும்பும் நாளில் 26,000 டன் கப்பல் ஆடுவதும் 4,000 டன் கப்பல் ஆடுவதும் ஒன்றாக இருக்காது. கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதை யோசித்தே ஆக வேண்டும்.

சீட்ரீமில் பால்கனி இல்லாத குறையை மேல்தளம் தீர்த்துவைக்கிறது. அகலமான, பாலித் தீவுப் பாணி மெத்தைகள் போட்டிருப்பார்கள். சொல்லிவைத்தால் ராத்திரி அங்கேயே படுக்கை விரித்துத் தருவார்கள். கரைக்கு எடுத்துப்போகச் சைக்கிள் உண்டு. நங்கூரம் போட்டு நிற்கும் நாளில் பின்பக்கக் கதவு மேடையாகத் திறந்து, கடலில் நேராக இறங்கிக் கயாக்கில் போகலாம். (எவ்ரிமாவிலும் இப்படி ஒரு மேடை உண்டு.) 112 பேர்தான் என்பதால் இரண்டாம் நாளே எல்லா முகமும் பழகிவிடும்.

சீ கிளவுடைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்கத் தானிய உணவுத் தொழிலின் வாரிசு மார்ஜரி மெரிவெதர் போஸ்டும் அவர் கணவர் ஹட்டனும் தங்களுக்காகவே கட்டிய கப்பல் அது. முதலாம் எண் கேபினில் அவருடைய பளிங்குக் கணப்பும் பளிங்குக் குளியலறையும் இன்றும் இருக்கின்றன. அவருடைய அடுத்த கணவர் மாஸ்கோவில் அமெரிக்கத் தூதராக இருந்தபோது கப்பல் லெனின்கிராட் துறைமுகத்தில் நின்றது. இரண்டாம் உலகப் போரில் பாய்மரங்களைக் கழற்றிவிட்டு, வானிலை பார்க்கும் கப்பலாக அமெரிக்கக் கடலோரக் காவல்படையிடம் கொடுத்தார்கள். கறுப்பரும் வெள்ளையரும் சமமாக வேலை செய்யும் குழுவை அதன் தளபதி கார்ல்டன் ஸ்கின்னர் அதில்தான் நடத்திக் காட்டினார். பிறகு டொமினிகன் சர்வாதிகாரி துருகியோவின் கையில் போய், பனாமாவில் பல வருடம் கேட்பாரற்றுக் கிடந்து, 1978-இல் ஹாம்பர்க் வணிகர்கள் வாங்கி மீட்டெடுத்தார்கள்.

அதில் இன்னும் பாயை ஆட்கள் கையால்தான் விரிக்கிறார்கள். மாலுமிகள் இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு கயிற்றேணியில் ஏறி, குறுக்கு மரத்தில் ஆளுக்கோர் இடமாகப் பரவி நின்று, சுருட்டிய பாயின் கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்ப்பார்கள். பாய் தொங்கியதும் கீழே உள்ளவர்கள் ஒரே குரலில் கயிற்றை இழுப்பார்கள். எல்லாப் பாயும் காற்றைப் பிடித்த பிறகு எஞ்சினை நிறுத்துவார்கள். கப்பல் லேசாக ஒரு பக்கம் சாய்ந்து அப்படியே ஓடும். வேறெந்தச் சொகுசையும் இதற்குப் பக்கத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ராயல் கிளிப்பரிலும் பாய் உண்டு, ஆனால் அதை விரிக்க மோட்டார்கள் கைகொடுக்கும். பயணிகள் பாதுகாப்புப் பட்டை கட்டிக்கொண்டு பாய்மரத்தில் ஏறலாம், முன்முனையின் கீழ் விரித்த வலையில் படுத்துக் கடலைப் பார்க்கலாம். பதின்பருவப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு நான்கிலும் இதுதான் பொருத்தம்.

பாய்க்கப்பலைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் திசையையும் பார்க்க வேண்டும். கோடையில் போர்ச்சுகல் கரையில் வடக்கிலிருந்து நிலையாகக் காற்று வீசும். லிஸ்பனிலிருந்து தெற்கே வரும்போது அது முதுகில் தள்ளும், எதிர்த் திசையில் வந்தால் பெரும்பாலும் எஞ்சின்தான். ஜிப்ரால்டர் நீரிணை, குறுகலான இடத்தில் 14 கிலோமீட்டர்தான். மேல்மட்ட நீரோட்டம் அட்லாண்டிக்கிலிருந்து உள்ளே பாய்வதால் கிழக்கே போகிறவர்களுக்கு அதுவும் சாதகம். லெவாந்தே என்ற கிழக்குக் காற்று கிளம்பிவிட்டால் மட்டும் முகத்தில் அடிக்கும்.

செலவு

எவ்ரிமா, சீட்ரீம் இரண்டிலும் மதுவும் டிப்ஸும் கட்டணத்திலேயே அடக்கம். கரைச் சுற்றுலாவுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். ராயல் கிளிப்பரில் சாப்பாடு மட்டும் அடக்கம், பானங்களும் டிப்ஸும் தனி. அதைச் சேர்த்துப் பார்த்தாலும் அதுவே மலிவு. எவ்ரிமாவுக்கு ஆகும் பணத்தில் பாதிகூட ஆகாமல் முடிக்கலாம். சைவம் சாப்பிடுகிறவர்கள் எந்தக் கப்பலானாலும் பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். முட்டையும் மீன்சாறும் கூடாது என்பதைத் தனித்தனியாகக் குறிப்பிடுவது நல்லது.

என் முடிவு இது: நகரங்களுக்காகப் போகிறவர்கள் சீட்ரீமை எடுக்கலாம், அதுவும் கப்பலே செவில்லா வரை ஏறி ராத்திரி தங்கும் தேதியாகப் பார்த்து. கடலுக்காகப் போகிறவர்களுக்குச் சீ கிளவுட். அதற்குப் பணம் எட்டாவிட்டால் ராயல் கிளிப்பர். ஓய்வுக்காக என்றால் எவ்ரிமா. பணத்தைக் கட்டுவதற்கு முன் முகவரிடம் ஒவ்வொரு ஊரிலும் எந்தத் துறை, எத்தனை மணி வரை என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மொராக்கோவின் டான்ஜியரில் நிற்கும் பயணமானால், ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் எல்லையை விட்டு வெளியே போய்த் திரும்ப நுழைகிறீர்கள். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் பலமுறை நுழையும் ஷெங்கன் விசாவுக்கே விண்ணப்பிக்க வேண்டும். மொராக்கோ விசா விஷயத்தையும் அப்போதே விசாரித்துவிடுங்கள்.